ஸ்பெயின் தீவில் கடல் குளியலா? முதலில் லீவு எப்போது என்று சொல்லுங்கள்

“மேடம், ஸ்பெயின்ல நல்லா வெயில் அடிக்கிற தீவா ஒண்ணு பாருங்க” என்று கேட்டு வருகிறவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அக்னி நட்சத்திரத்தில் மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நிற்கிற ஊர்க்காரர் வெயிலுக்கு யூரோ கொடுப்பதா? அந்த விளம்பரமெல்லாம் லண்டனிலும் ஹாம்பர்கிலும் குளிர்காலம் முழுக்கச் சூரியனைப் பார்க்காமல் கிடக்கிறவர்களுக்காக எழுதியது. நமக்குத் தேவை வேறு. இறங்கினால் நடுங்க வைக்காத தண்ணீர், பிசுபிசுக்காத காற்று, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போகாத கரை, பெரியவர்கள் காலாற நடக்க ஒரு பாதை, மத்தியானம் வாய்க்குப் பிடித்த மாதிரி ஏதாவது சாப்பாடு. இதை வைத்துத் தீவைத் தேட வேண்டும்.

நான் மதுரை அண்ணா நகரில் டிக்கெட் அலுவலகம் நடத்துகிறேன். ஆரம்பத்தில் கொழும்பு, சிங்கப்பூர், வளைகுடா வேலைக்குப் போகிற பையன்கள், அவ்வளவுதான் வியாபாரம். இப்போது மகன் ஜெர்மனியில், மகள் அயர்லாந்தில் என்று இருக்கிற அப்பா அம்மாக்கள் வருகிறார்கள். பிள்ளையைப் பார்க்கப் போகிற சாக்கில் அப்படியே ஒரு வாரம் கடல். கல்யாணமான ஜோடிகள் வருகிறார்கள். தெற்காவணி மூல வீதி நகைக்கடைக் குடும்பம் என்றால் மூன்று தலைமுறையும் சேர்ந்து வரும், எட்டுப் பேர், பத்துப் பேர். யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது எந்தத் தீவு என்று இல்லை; எந்த லீவு என்றுதான். காலாண்டா, அரையாண்டா, மே மாதமா? பதில் வந்த உடனே பாதித் தீவுகள் பட்டியலிலிருந்து போய்விடும்.

காரணம் இதுதான். ஸ்பெயினுக்கு இரண்டு கூட்டமாகத் தீவுகள் உண்டு. ஒன்று மத்தியதரைக் கடலில், பார்சிலோனாவுக்கு எதிரே இருக்கிற பலியாரிக் தீவுகள்: மயோர்கா, மெனோர்கா, இபிசா, ஃபொர்மென்தேரா. இன்னொன்று அட்லாண்டிக்கில், ஆப்பிரிக்காவை ஒட்டி இருக்கிற கனாரித் தீவுகள்: தெனெரிஃபே, கிரான் கனாரியா, லான்சரோத்தே, ஃபுவெர்தெவென்துரா, அப்புறம் லா பால்மா, லா கோமேரா, எல் இயெரோ. கொடி ஒன்று, காசு ஒன்று, விசா ஒன்று. ஆனால் மயோர்காவுக்கும் தெனெரிஃபேவுக்கும் நடுவே 2,000 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. கடிகாரமே வேறு, கனாரி எப்போதும் மாட்ரிட்டுக்கு ஒரு மணி நேரம் பின்னால். பருவமும் வேறு. பலியாரிக்கில் சீசன் மே முதல் அக்டோபர் வரை. நவம்பரில் கடற்கரை ஹோட்டல்கள் பெரும்பாலும் ஷட்டரை இறக்கிவிடும், ஏப்ரல் வாக்கில்தான் திறக்கும். கனாரியில் ஹோட்டல்கள் வருஷம் முழுக்க ஓடும்.

எந்த லீவுக்கு எது

அரையாண்டு லீவு, அதாவது கிறிஸ்துமஸை ஒட்டி என்றால் கனாரியைத் தவிர வேறு பேச்சே வேண்டாம். அந்த நேரத்தில் மயோர்காவில் கடல் தண்ணீர் 15 டிகிரியை ஒட்டி இருக்கும். கால் நனைக்கக்கூட மனசு வராது. கனாரியின் தெற்குக் கரைகளில் பகலில் 20, 22 டிகிரி. தண்ணீர் 20 டிகிரியை ஒட்டி. ஐரோப்பியர்கள் துள்ளிக் குதித்து இறங்குவார்கள். ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் குளித்துப் பழகிய உடம்புக்கு அது குளிர்தான். அதனால் ஹோட்டல் பார்க்கும்போது ‘நீச்சல் குளத்துத் தண்ணீரைச் சூடு பண்ணுகிறார்களா’ என்று கட்டாயம் கேளுங்கள். குளம் இருப்பது வேறு, சூடான குளம் இருப்பது வேறு. குளிர்காலத்தில் இந்த ஒரு கேள்விதான் பிள்ளைகளின் விடுமுறையைக் காப்பாற்றும். இன்னொன்று, கிறிஸ்துமஸ் புத்தாண்டு வாரம் அங்கே உச்ச சீசன். ஆகஸ்ட் செப்டம்பருக்குள் போட்டுவிட வேண்டும். கார்த்திகை தீபம் முடிந்து வந்து கேட்டால் மிச்சம் மீதிதான் கிடைக்கும்.

காலாண்டு லீவு, செப்டம்பர் கடைசி அக்டோபர் ஆரம்பம், என்னைக் கேட்டால் இதுதான் தங்கமான நேரம். கோடை முழுக்க வாங்கிய சூட்டை மத்தியதரைக் கடல் அவ்வளவு சீக்கிரம் விடாது. தண்ணீர் அப்போது 24 டிகிரி அளவில் இருக்கும். கூட்டம் வடிந்திருக்கும், அறை வாடகையும் இறங்கியிருக்கும். கனாரியிலும் வருஷத்திலேயே தண்ணீர் சூடாக இருக்கிற மாதங்கள் செப்டம்பரும் அக்டோபரும்தான், 22, 23 டிகிரி. ஒரே ஒரு குறை: பலியாரிக்கில் மழைக்காலம் தொடங்குகிற நேரமும் அதுவே. ஒரு நாள் இரண்டு நாள் இடியும் மழையுமாகக் கொட்டிவிட்டு மறுநாள் பளிச்சென்று விடியும். ஆயுத பூஜைக்குக் கடையைப் பூட்டிவிட்டு நாலு நாளில் போய் வருகிறேன் என்பவர்களுக்கு இது சரிப்படாது. ஒரு வாரமாவது கையில் இருக்க வேண்டும்.

மே மாதம் கொஞ்சம் சிக்கல். நம் எல்லோருக்கும் லீவு அப்போதுதான், வெயிலுக்குத் தப்பி ஓடத் தோன்றுவதும் அப்போதுதான். காற்று அருமையாக இருக்கும். மயோர்காவில் 22, 23 டிகிரி, மலையெல்லாம் பச்சை. ஆனால் கடல் இன்னும் சூடேறியிருக்காது, 18, 19 டிகிரி. பிள்ளைகள் இறங்குவார்கள், பெரியவர்கள் துண்டைப் போர்த்திக்கொண்டு கரையில் உட்கார்ந்திருப்பார்கள். மேயில் போகிறவர்கள் கடலைப் பார்க்கப் போகிறோம், குளிப்பது கிடைத்தால் லாபம் என்ற நினைப்போடு போங்கள். ஜூன் முதல் வாரத்தில் பள்ளி திறக்கும் தேதி தள்ளிப்போனால் யோகம்.

ஜூலை, ஆகஸ்ட்? அங்கிருக்கிற பிள்ளைகளின் லீவுக்காகப் போகிறீர்கள் என்றால் சரி. இல்லையென்றால் அந்த இரண்டு மாதமும் பலியாரிக்கைத் தள்ளி வையுங்கள். மயோர்காவின் தலைநகர் பால்மாவில் 31, 32 டிகிரி, அதோடு புழுக்கம், ஐரோப்பாவே அங்கே வந்து கிடக்கும், விலை உச்சியில் நிற்கும். அந்த மாதங்களில் கனாரியின் தெற்கில் 28 டிகிரிதான். அட்லாண்டிக் காற்று சும்மா விடாது.

தீவுக்குள் எந்தப் பக்கம்

இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் பணம் வீணாவது இங்கேதான். தெனெரிஃபேவும் கிரான் கனாரியாவும் நடுவில் மலை நிற்கிற தீவுகள். யாராவது கேட்டு வந்தால் நான் ஒரு தாளில் வட்டம் போடுவேன், நடுவே மலை மாதிரி ஒரு கோடு, வலது மேல் மூலையிலிருந்து ஓர் அம்பு. அந்த அம்புதான் வடகிழக்கு வணிகக் காற்று. கடல் ஈரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து மலையில் மோதி, வடக்குப் பக்கம் மேகமாக நிறுத்திவிடும். தெற்குப் பக்கம் வறண்டு கிடக்கும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அங்கிட்டு கேரளாவில் கொட்டும்போது இங்கிட்டு தேனி, உசிலம்பட்டி பக்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோமே, அதே கதைதான். இப்படிச் சொன்னால் யாருக்கும் இரண்டாவது தடவை விளக்க வேண்டியிருப்பதில்லை.

ஆகவே தெனெரிஃபேவில் கடல் குளியல் என்றால் தெற்கு: கோஸ்தா அதேஹே, லோஸ் கிறிஸ்தியானோஸ் பக்கம். வடக்கில் புவெர்தோ தெ லா குரூஸ் அழகான பழைய ஊர், வாழைத் தோட்டமெல்லாம் உண்டு; ஆனால் மூன்று நாள் தொடர்ந்து மேகம் கவிந்திருந்தால் ஆச்சரியப்படக் கூடாது. மலிவாக இருக்கிறதே என்று வடக்கில் அறை போட்டுவிட்டு, தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் தெற்கே போய்க் குளித்து வந்த குடும்பங்கள் உண்டு.

எப்போதாவது சகாராவிலிருந்து புழுதிக் காற்று அடிக்கும். அங்கே அதைக் கலிமா என்கிறார்கள். வானம் மஞ்சளாகி, சூடு ஏறி, தூரத்து மலை மறைந்துவிடும். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைக் கைப்பையிலேயே வைத்திருங்கள். சில நாளில் அடங்கிவிடும்.

தீவு தீவாக

முதல் தடவை போகிற குடும்பத்துக்கு, குளிர்காலம் என்றால் தெனெரிஃபே, மற்ற காலம் என்றால் மயோர்கா. இதில் எனக்குக் குழப்பமே இல்லை.

தெனெரிஃபேவில் கடல் சலித்துவிட்டாலும் செய்ய ஏதாவது இருக்கும். நடுவே தெய்தே எரிமலை, 3,715 மீட்டர், ஸ்பெயின் நாட்டிலேயே உயரமான சிகரம் அதுதான். நம் ஆனைமுடியைவிட 1,000 மீட்டர் கூடுதல். கேபிள் காரில் 3,555 மீட்டர் வரை ஏறலாம். அதற்கு மேல் உச்சிக்கு நடக்கத் தனி அனுமதி வாங்க வேண்டும், அது சீக்கிரம் தீர்ந்துவிடும். கீழே கடற்கரையில் அரைக்கால் சட்டையோடு நிற்கிறவர் மேலே போனதும் பல் கிடுகிடுக்க நிற்பார், குளிர்காலத்தில் பனியே கிடக்கும். கொடைக்கானலுக்கு எடுத்துப்போகிற ஸ்வெட்டர் பெட்டியில் இருக்கட்டும். இதய நோய், ரத்த அழுத்தம் உள்ள பெரியவர்களைக் கேபிள் காரில் ஏற்றாதீர்கள். தீவின் தென்மேற்குக் கடலில் பைலட் திமிங்கிலங்கள் நிரந்தரமாகவே வாழ்கின்றன. படகில் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். மணல்தான் பலருக்கு ஏமாற்றம். எரிமலைத் தீவு ஆனதால் பெரும்பாலும் கறுப்பு மணல். மத்தியானம் தோசைக்கல்லாகக் காயும், செருப்பில்லாமல் காலை வைக்க முடியாது. வெள்ளை மணலில் படம் எடுக்க ஆசைப்பட்டால் சான்தா குரூஸ் பக்கம் லாஸ் தெரெசீதாஸ் போங்கள். 1970களில் சகாரா மணலைக் கப்பலில் கொண்டுவந்து கொட்டி உருவாக்கிய கரை அது.

கிரான் கனாரியாவை எல்லோரும் மஸ்பலோமாஸ் மணல் மேட்டுக்காகக் கேட்கிறார்கள். பார்க்க வேண்டியதுதான், குறி போட்ட பாதையில் மட்டும் நடக்க விடுவார்கள். ஆனால் அந்தக் கரையில் ஒரு பகுதி ஆடையில்லாமல் குளிப்பவர்களுக்கென்றே உள்ள இடம். மாமனார் மாமியாரோடு போகிறவர்கள் எந்தப் பக்கம் திரும்புவது என்று முன்கூட்டியே பார்த்து வையுங்கள். பெரியவர்களுக்கு நான் சொல்வது தலைநகர் லாஸ் பால்மாஸில் இருக்கிற லாஸ் கன்தேராஸ் கரை. ஏறக்குறைய 3 கிலோமீட்டர், சமதளமான நடைபாதை, கடலுக்குள் இயற்கையாகவே ஒரு பாறைத் தடுப்பு இருப்பதால் பல இடங்களில் அலை அடங்கிக் கிடக்கும். திருமங்கலத்திலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், முழங்கால் வலிக்கார மனைவியோடு டிசம்பரில் அங்கே போயிருந்தார். போன வேகத்தில் போன்: “ஏம்மா, நாங்க குளிக்கவே இல்ல. காலையில அந்தக் கோடி, சாயங்காலம் இந்தக் கோடி. நடந்துக்கிட்டே இருக்கோம்.” அவர்களுக்கு வேறு எந்தத் தீவும் அவ்வளவு பொருந்தியிருக்காது. கோடையில் மட்டும் அந்த நகரத்தின் மேல் மேகம் குடை பிடித்துக்கொண்டு நிற்கும். அப்போது தெற்கே போய்விடுங்கள்.

லான்சரோத்தே எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்தது. 1730 முதல் 1736 வரை எரிமலை விடாமல் கக்கியதில் தீவின் ஒரு பகுதி இன்னும் கரியாகக் கிடக்கிறது. அந்த திமன்ஃபாயா பூங்காவில் ஒரு குழாய்க்குள் வாளித் தண்ணீரை ஊற்றுவார்கள், கண் மூடித் திறப்பதற்குள் ஆவியாகச் சீறிக்கொண்டு மேலே வரும். பிள்ளைகள் மறுபடி மறுபடி கேட்பார்கள். செசார் மன்ரீக்கே என்ற கலைஞர் அங்கே பிறந்தவர். அடுக்கு மாடி ஹோட்டல்களால் தீவு கெட்டுவிடக் கூடாது என்று போராடியதும், வீடுகள் தாழ்வாக, வெள்ளையாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்தியதும் அவர்தான். எரிமலைக் குழம்பு ஓடிய சுரங்கத்தில் அவர் வடிவமைத்த ஹாமெயோஸ் தெல் ஆகுவாவைப் பார்க்காமல் வராதீர்கள். குளிக்க தெற்கே பிளாயா பிளாங்கா, பப்பகாயோ. வடக்கே ஃபமாரா கரையில் காற்றும் அலையும் பலம். அது சறுக்குப் பலகைக்காரர்களுக்கு.

பிளாயா பிளாங்காவிலிருந்து படகில் அரை மணி நேரத்தில் ஃபுவெர்தெவென்துரா. மணலுக்கு அதை அடிக்கக் கனாரியில் ஆளில்லை. கொர்ராலெஹோ, சொத்தவென்தோ, கண்ணுக்கு எட்டிய வரை வெளிர் மணல். கூடவே காற்றும். ஜூலை ஆகஸ்டில் மணல் முகத்தில் அறையும், பாய்மரப் பலகைப் போட்டிகளே அப்போது அங்கே நடக்கும். மரம் மட்டை கிடையாது, ஆடு மேயும். கொஃபேதே கரை படத்தில் மயக்கும். போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், தண்ணீரில் இறங்காதீர்கள், நீரோட்டம் ஆளை இழுக்கும்.

லா பால்மா, லா கோமேரா, எல் இயெரோ மூன்றும் மலை ஏறுகிறவர்களுக்கு. கடற்கரை விடுமுறைக்கு நான் போடுவதில்லை. தெனெரிஃபேவில் இருப்பவர்கள் லோஸ் கிறிஸ்தியானோஸில் படகு ஏறி லா கோமேராவை ஒரு நாளில் பார்த்துத் திரும்பலாம்.

மயோர்கா பெரிய தீவு, எல்லாவிதக் கரையும் உண்டு. சின்னப் பிள்ளைகள் இருந்தால் வடக்கே அல்குதியா, பிளாயா தெ முரோ. கரையிலிருந்து வெகுதூரம் இடுப்புக்குக் கீழேதான் தண்ணீர், மணலும் மெத்தென்று இருக்கும். ஜோடியாகப் போகிறவர்களுக்குத் தென்கிழக்கில் பாறைகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் சின்னச் சின்ன விரிகுடாக்கள். அங்கே கலா என்பார்கள். காலை 10 மணிக்கு மேல் போனால் துண்டு விரிக்க இடம் இருக்காது. ஒரு நாளை பால்மாவிலிருந்து சோயேருக்குப் போகும் மரப்பெட்டி ரயிலுக்கு ஒதுக்குங்கள். 1912இல் ஓட ஆரம்பித்தது. மலையைக் குடைந்து, ஆரஞ்சுத் தோட்டங்களுக்குள் இறங்கும். அங்கிருந்து கடல்வரை டிராம். பால்மா தேவாலயத்துக்குள் கௌடி என்ற பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் செய்த வேலையும் உண்டு.

மெனோர்கா அமைதியான தீவு. 1993இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. தெற்கில் மகரேயா போன்ற கரைகளில் தண்ணீர் கண்ணாடி. ஆனால் பல கரைகளில் பெட்டிக்கடை, தண்ணீர் பாட்டில் என்று எதிர்பார்க்காதீர்கள், கட்டுச்சோறோடு போக வேண்டும். கார் நிறுத்துவதும் கோடையில் பெரிய பாடு. ஓய்வுக்கு நல்லது, பொழுது போகவில்லை என்று புலம்பும் பிள்ளைகளுக்கு ஆகாது.

இபிசா என்றதும் பெண்ணின் அம்மா முகம் மாறும். ராத்திரி முழுக்க ஆட்டம் பாட்டம் நடக்கிற இடங்கள் சான்த் அந்தோனி பக்கத்திலும் பிளாயா தென் பொஸ்ஸாவிலும்தான். வடக்கே போர்தினாத்ஸ் பக்கம் பைன் மரக்காடும் சின்னக் கரைகளும், ஒன்பது மணிக்கே ஊர் அடங்கிவிடும். 1999இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பழைய கோட்டை நகரமும் இருக்கிறது. அங்கிருந்து அரை மணி நேரப் படகில் ஃபொர்மென்தேரா. விமான நிலையமே கிடையாது. அதன் செஸ் இயேத்தெஸ் கரையில் தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருப்பதற்குக் கடலடியில் வளரும் பொசிதோனியா புல்வெளிகள் ஒரு காரணம். கரையில் அந்தப் புல் காய்ந்து ஒதுங்கிக் கிடந்தால் குப்பை என்று முகம் சுளிக்காதீர்கள்.

கரையில்

கொடியைப் பார்த்துத்தான் இறங்க வேண்டும். பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் இறங்கவே கூடாது. நம் ஆட்கள் போலீஸ் விசில் அடித்தால்தான் கேட்பார்கள். அங்கே விசிலுக்கு முன்பே அலை வந்துவிடும். மத்தியதரைக் கடலில் சில நாள் ஜெல்லி மீன் ஒதுங்கும். அன்றைக்குக் குளத்தில் குளித்துக்கொள்ளுங்கள்.

உடை பற்றிப் பெண்கள் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். முழுக்கை, முழங்கால் மூடிய நீச்சல் உடை போட்டால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் பருத்திச் சுடிதாரோடு ஹோட்டல் குளத்தில் இறங்க விடமாட்டார்கள். நீச்சலுக்கான துணியாக இருக்க வேண்டும், இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். மறுபக்கம், மேலாடை இல்லாமல் வெயில் காய்கிற பெண்களை எந்தக் கரையிலும் பார்க்கலாம். அங்கே அது சாதாரணம். தாத்தாவுக்கு இதை விமானத்தில் ஏறும் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

சாப்பாடு

சைவம் என்று சொல்லிவிட்டு நிம்மதியாக உட்காராதீர்கள். பச்சைக் காய் சாலட் கேட்டால் மேலே சூரை மீன் தூவி வரும், அவர்களுக்கு அது இறைச்சிக் கணக்கில் சேராது. ‘சின் கார்னே, சின் பெஸ்காதோ’, கறியும் வேண்டாம் மீனும் வேண்டாம் என்று இரண்டையும் சொல்ல வேண்டும். கனாரியில் உங்களைக் காப்பாற்றுவது பாப்பாஸ் அர்ருகாதாஸ். சின்னச் சின்ன உருளைக்கிழங்கைத் தோலோடு, உப்பை அள்ளிப் போட்ட தண்ணீரில், தண்ணீர் வற்றும்வரை வேக விடுவார்கள். தோல் சுருங்கி, மேலே வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். தொட்டுக்கொள்ள மொஹோ: சிவப்பில் காய்ந்த மிளகாய், பூண்டு, சீரகம், வினிகர், பச்சையில் கொத்தமல்லி. காரம் நமக்குப் பத்தாது, ஆனால் வாசனை தெரிந்த வாசனை. இரண்டு தட்டு தனியாகச் சாப்பிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மயோர்காவில் தும்பெத் கேளுங்கள், கத்தரிக்காய், உருளை, குடமிளகாய், தக்காளி. லாஸ் பால்மாஸிலும் தெனெரிஃபேவிலும் சிந்தி வணிகக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். இந்தியச் சாப்பாட்டுக்குக் கனாரியில் பஞ்சமில்லை.

நேரம்தான் பெரிய தொல்லை. மத்தியானச் சாப்பாடு 2 மணி, ராத்திரி 9 மணி என்பது அவர்கள் கணக்கு. ஏழரைக்குச் சாப்பிட்டுச் சர்க்கரை மாத்திரை போடுகிறவர்களுக்கு இது உதவாது. அதனால் பெரியவர்கள் இருந்தால் சின்னச் சமையலறை உள்ள அபார்ட்மென்ட் எடுங்கள். மெர்க்கதோனா போன்ற சூப்பர் மார்க்கெட்டில் அரிசி, பருப்பு, தயிர், காய் எல்லாம் கிடைக்கும். எடுக்கும்போது சுற்றுலா உரிம எண் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு வாடகை ஏறி உள்ளூர்க்காரர்கள் குடியிருக்க இடமில்லாமல் திண்டாடுவதால், 2024 ஏப்ரலில் கனாரித் தீவுகள் முழுக்கப் பெரிய ஊர்வலங்களே நடந்தன. உரிமமில்லாத வீட்டில் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம். பலியாரிக்கில் தங்கும் ஒவ்வொரு ராத்திரிக்கும் ஆளுக்கு ஒரு சுற்றுலா வரி உண்டு, ஹோட்டல் தரத்தைப் பொறுத்து. 16 வயதுக்குக் கீழே இருந்தால் கிடையாது. அங்கே போய்க் கேட்டதும் ஏமாற்றுகிறார்கள் என்று சண்டை பிடிக்காதீர்கள்.

டிக்கெட், விசா

பால்மா, லா பால்மா, லாஸ் பால்மாஸ். மூன்றும் மூன்று இடம். பால்மா என்பது மயோர்காவின் தலைநகர், விமானக் குறியீடு பி.எம்.ஐ. லா பால்மா கனாரியில் ஒரு தீவு, எஸ்.பி.சி. லாஸ் பால்மாஸ் கிரான் கனாரியாவின் நகரம், எல்.பி.ஏ. தானாகவே ஆன்லைனில் போட்டுக்கொண்ட ஒரு தம்பி, விசாவுக்குத் தாள்களைச் சரிபார்க்கச் சொல்லி என்னிடம் வந்தார். டிக்கெட் லாஸ் பால்மாஸுக்கு, ஹோட்டல் பால்மாவில். நல்லவேளை, பணம் திரும்பக் கிடைக்கிற அறையாக இருந்தது. தெனெரிஃபேவில் இரண்டு விமான நிலையம். தெற்குக் கரைக்கு டி.எஃப்.எஸ். என்று இருக்க வேண்டும், டி.எஃப்.என். என்றால் வடக்கே போய் இறங்குவீர்கள்.

மதுரையிலிருந்து நேராக எதுவும் கிடையாது. சென்னை போய், அங்கிருந்து துபாய் அல்லது தோஹா வழியாக மாட்ரிட் அல்லது பார்சிலோனா, பிறகு உள்நாட்டு விமானம். பார்சிலோனாவிலிருந்து பால்மா ஒரு மணி நேரத்துக்குள். மாட்ரிட்டிலிருந்து கனாரிக்கு மூன்று மணி நேரத்தை ஒட்டி. மகன் ஜெர்மனியில் இருந்தால் பிராங்க்ஃபர்ட்டிலிருந்தே இரண்டு கூட்டத் தீவுகளுக்கும் நேர் விமானம் இருக்கிறது. லண்டன் வழியாக மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுக்காதீர்கள். ஷெங்கன் என்பது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்; பிரிட்டன் அதில் இல்லை, அதற்குத் தனி அனுமதி என்று இழுக்கும்.

ஷெங்கன் விசாவுக்குப் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுக்கு 45, அதற்குக் கீழே இலவசம். ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கைரேகை வைக்க ஆள் நேரில் சென்னைக்குப் போக வேண்டும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டில்தான் கேட்க வேண்டும். மகன் வீட்டில் பத்து நாள், தீவில் ஐந்து நாள் என்றால் அது ஜெர்மன் விசா. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

இரண்டு தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால், தீவிலிருந்து திரும்புகிற அன்றைக்கே இந்தியாவுக்கு விமானம் ஏறுகிற மாதிரி வைக்காதீர்கள். தீவு விமானம் தாமதமானால் பெரிய விமானம் உங்களுக்காக நிற்காது, பணமும் வராது. ஒரு ராத்திரி மாட்ரிட்டிலோ பார்சிலோனாவிலோ தங்கிவிடுங்கள். உள்நாட்டு விமானங்களில் பெட்டிக்குத் தனிக் காசு, டிக்கெட் போடும்போதே கட்டினால் குறைவு. பெட்டியில் இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் எல்லாம் போகலாம். பால் பொருளும் இறைச்சியும் ஐரோப்பாவுக்குள் கொண்டுபோகக் கூடாது என்பது சட்டம், ஆகவே பேரனுக்கென்று வாங்கிய ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை இங்கேயே யாருக்காவது கொடுத்துவிட்டு ஏறுங்கள்.